பச்சை வட்டத்தில் சந்தனம்

கொட்டகையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறது. அதன் முதுகில் மூன்று சின்ன ஓட்டைகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு கலர் வட்டம். பச்சை வட்டத்தின் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருக்கும். பார்க்கிறவர்கள் துரு என்பார்கள். துரு இல்லை. சந்தனம். எங்கள் ஓனரம்மா வைத்தது. இதை எதற்கு இன்னும் வைத்திருக்கிறாய், எடைக்குப் போடு என்று வருகிறவரெல்லாம் சொல்கிறார்கள். நான் பதில் சொல்வதில்லை. சொல்ல ஆரம்பித்தால் வைரஸிலிருந்து சொல்ல வேண்டும்.

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவன். சொந்த ஊர் ஐயம்பேட்டை. காஞ்சிபுரத்தில் ஒரு சவுண்டு செட்டில் சேர்ந்தேன், அங்கேயே இருந்துவிட்டேன். குழாய் ஸ்பீக்கர் கட்டுவது, ஒயர் இழுப்பது, ஆம்பிளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து பட்டனைப் பார்த்துக்கொள்வது, இதுதான் வேலை. பேச்சு வராது. மைக் செட்டில் இத்தனை வருசம் இருந்துகொண்டு மைக்கில் ஒரு வார்த்தை பேசாத ஆள் நான் ஒருத்தன்தான் என்று ஓனரம்மா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். என் பங்கையும் சேர்த்து அவரே பேசிவிடுவார். அதனால் சரியாகப் போய்விட்டது.

ஓனர் அவரையும் மிஞ்சிய ஆள். செட் கட்டி முடித்து மைக்கைப் பிடித்தார் என்றால் விடமாட்டார். ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ. மற்ற செட்டில் அதோடு முடியும். இவர் அதற்கு மேல் ஊர்ப் பெயரைச் சொல்லுவார், வெயிலைப் பற்றிச் சொல்லுவார், சமையல் பக்கம் என்ன வாசனை வருகிறது என்று சொல்லுவார். ஓனரம்மா இன்னொரு மைக்கை எடுத்து, "போதும் நிறுத்துய்யா!" என்று ஒரு அதட்டுப் போடுவார். கூட்டம் சிரிக்கும். அதற்கப்புறம்தான் முதல் பாட்டு. இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் ஓனர் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்ததும் செட்டை விற்றுவிடுவார் என்று நினைத்தார்கள். ஓனரம்மா விற்கவில்லை. கம்ப்யூட்டர் வாங்கினார். சி.டி.யெல்லாம் மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு, பாட்டு மொத்தத்தையும் அதில் ஏற்றினார். கூடவே ஓனரையும் ஏற்றினார். ஓனருடைய சொந்த ஊரான கூரத்தில் ஆடி மாசம் கூழ் ஊற்றின அன்றைக்கு அவர் மைக் டெஸ்டிங் செய்ததை ஓனரம்மா தன் போனில் படமாக எடுத்து வைத்திருந்தார். அவர் குரல் இருந்தது அந்த ஒன்றில்தான். அதற்கப்புறம் எந்த விசேஷமானாலும் முதலில் ஓனர்தான் வருவார். ஹலோ, ஹலோ என்று குழாயில் ஆரம்பிப்பார். ஒன், டூ, த்ரீ முடிந்து அடுத்ததைத் தொடங்கும்போதே ஓனரம்மா மைக்கில், "போதும் நிறுத்துய்யா!" என்பார். நான் பட்டனை அழுத்துவேன். செத்த புருசனை அதட்டுகிற செட் என்று எங்களுக்குப் பேர் வந்துவிட்டது. கூரத்தில் அந்தக் குரல் கேட்டால்தான் கூழ் அண்டாவைத் திறப்பார்கள். படம் எடுத்த அந்தப் போனும் அதே ஊரில் அதே அண்டாவில்தான் விழுந்து செத்தது. ஆகவே ஓனர் இருந்த இடம் அந்தப் பெட்டி ஒன்றுதான்.

வைரஸ் எப்படி வந்தது என்றால், ஓனரம்மா இலவசமாகப் பாட்டு இறக்கினார். பாட்டோடு ஒரு பிளேயரும் இலவசம் என்று வந்தது. அதையும் போட்டார். நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் திரையில் சன்னல் சன்னலாகத் திறக்க ஆரம்பித்தது. பரிசு விழுந்திருக்கிறது, எடுத்துக்கொள் என்று வரும். ஓனரம்மா ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே, "வேணாம்பா, நீ போப்பா," என்பார், கோயில் வாசலில் புடவைக் கடைக்கு ஆள் பிடிக்கிறவனிடம் சொல்கிற மாதிரி. அவனாவது போவான். இது போகவில்லை.

திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை மூன்றாவது முடிச்சைப் போட்டு நிமிர்கிறார். குழாயில் ஒரு பெண் குரல், "கங்கிராஜுலேஷன்ஸ்!" என்றது. வெள்ளைக்காரி மாதிரி. நான் சத்தத்தைக் குறைக்கப் பட்டனுக்குப் போனேன். ஆனால் கூட்டம் கை தட்டியது. பெண்ணின் அப்பா மேடையிலிருந்து இறங்கி வந்து, "நல்ல ஏற்பாடும்மா, சின்னவ கல்யாணத்துக்கும் இதே மாதிரி வெச்சிடுங்க," என்றார். ஓனரம்மா, "அதுக்கென்ன, வெச்சிடலாம்," என்றார்.

அடுத்த வாரம் ஐயம்பேட்டையில் ஒரு பெரியவர் இறந்துபோனார். அங்கும் எங்கள் செட்தான். பாடையைத் தூக்கித் தோளில் வைக்கிற நேரம். "கங்கிராஜுலேஷன்ஸ்!" அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒன்றாக நிறுத்திவிட்டுக் குழாயைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள். என் சொந்த ஊர். அந்தப் பக்கம் நான் ரொம்ப நாள் போகவில்லை.

அதற்கு மேல்தான் சர்வீஸ்காரரைக் கூப்பிட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருந்தவர். கண்ணாடி போட்ட, அலுங்காத மனுசர். ஒயரையெல்லாம் பிடுங்கிவிட்டுப் பெட்டியைக் கடைக்குத் தூக்கிப் போனார். கூரம் கூழுக்கு முதல் நாள் சாயங்காலம் கொண்டுவந்து வைத்து, "சுத்தமா எடுத்தாச்சும்மா. இனிமே பரிசெல்லாம் விழாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் நான் போனபோது கொட்டகையில் கற்பூர வாசனை. வாசலில் பூசணிக்காய் உடைந்து கிடந்தது. பெட்டியின் நெற்றியில் பொட்டு. "பீடை போச்சுபா, மாட்டு," என்றார் ஓனரம்மா. பெட்டியின் முதுகு சுவரைப் பார்த்தபடி இருக்கும். எப்போதும் போலக் கையைப் பின்னால் விட்டுத் தடவி ஒயர்களை மாட்டினேன். மத்தியானத்துக்குள் கூரம் போய்ச் சேர வேண்டும். போட்டுப் பார்க்க ஒரு குழாயை மட்டும் கொட்டகையில் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் குட்டியானை வண்டியில் ஏற்றியாகிவிட்டது. ஓனரை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்றார். போட்டேன். திறக்கவில்லை. இதை ஓட்ட முடியாது என்று ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது.

சர்வீஸ்காரர் வந்தார். பார்த்தார். "அந்த ஓசி பிளேயர்லதாம்மா வைரஸ் குடியிருந்துச்சு. அதை எடுக்கும்போது பிளேயரும் கூடவே போயிடுச்சு. வேற நல்லது ஒண்ணு போடறேன்," என்றார். போட்டார். ஓனர் திரையில் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கையில் மைக், பின்னால் கூரத்துப் பந்தல். வாய் அசைகிறது. சத்தம் இல்லை.

பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குத்தான் ஓனர் வாயசைத்தார். ஓனரம்மா இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "உசுரோட இருந்தப்ப வாய மூடுய்யான்னு தலபாடா அடிச்சிக்கினேன், மூடல. இன்னிக்கு வேலை இருக்குது, இன்னிக்குப் பாத்து மூடிக்கினான்."

சர்வீஸ்காரர் சத்தக் குறியைப் பார்த்தார், அதில் குறுக்குக் கோடு இல்லை. சத்தத்துக்கு உண்டான சாப்ட்வேரை எடுத்துவிட்டு மறுபடியும் போட்டார். அணைத்து ஏற்றினார். இல்லை. இன்னொரு தடவை அணைத்து ஏற்றினார். "எத்தினி தபா எழுப்புவபா? எழுப்பி எழுப்பி அதுக்கே தூக்கம் கெட்டிருக்கும்," என்றார் ஓனரம்மா. ஆம்பிளிஃபயரில் கோளாறோ என்று நான் அதன் ஒயர் முனையைத் தொட்டுப் பார்த்தேன். குழாய் 'உர்ர்' என்றது. அது நன்றாக இருந்தது. கூரத்திலிருந்து தர்மகர்த்தா போன் மேல் போன் போட்டார். வேறு ஒரு செட்டுக்காரன் அங்கே வண்டியோடு வந்து நிற்கிறானாம். "நிக்கட்டும், வெயில்ல கூழாவது குடிக்கட்டும்," என்று ஓனரம்மா போனை வைத்தார். ஆனால் முகம் வேர்த்திருந்தது.

சர்வீஸ்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வைரஸ் அந்தப் படத்தையே கெடுத்திருக்கலாம்மா. படம் நின்னுடுச்சு, குரல் போயிருக்கும். நீங்க கவலப்படாதீங்க, வேணுங்கிற பாட்டெல்லாம் என்கிட்ட இருக்குது, இப்பவே ஏத்தித் தரேன்."

"பாட்டை எவன் கேட்டான்?" என்றார் ஓனரம்மா.

அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் பேசவில்லை. அந்த அம்மா பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படத்தை முதலிலிருந்து போடச் சொன்னார். ஓனர் வாயை அசைத்தார், கையை ஆட்டினார், வானத்தைக் காட்டினார். எப்போதும் நாங்கள் நிறுத்துகிற இடத்தையும் தாண்டிப் போனது. கடைசியில் ஓனர் மைக்கை இறக்கிவிட்டு நேராக நம்மைப் பார்த்து ஏதோ சொன்னார். ஓனரம்மா, "போதும்யா," என்றார். மெதுவாக. படம் முடிந்தது. ஊமைப் படத்தைப் போய் எதற்குப் போதும் என்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

சர்வீஸ்காரருக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. பெட்டியைச் சுவரிலிருந்து திருப்பினார். சத்தம் வெளியே போகிற பச்சை ஓட்டையிலிருந்த ஒயர் பின்னைப் பிடுங்கினார். விரலைப் பார்த்தார். முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"அம்மா, இதுக்கு என்ன பண்ணீங்க?"

"எதுக்கு?"

"பின்னாடி."

"பொட்டு வெச்சேன். முன்னாடி வெச்சா பின்னாடி வெக்க வேணாமா? மிஷின் செஞ்சவனே கலர் கலரா வட்டம் போட்டு வெச்சிருக்கான், எங்கெங்க வெக்கணும்னு." ஓனரம்மா கொஞ்சம் யோசித்தார். "குழியா இருந்துச்சு. குங்குமம் நிக்கல. அதான் சந்தனத்த நல்லா அழுத்தி வெச்சேன்."

மூன்று ஓட்டையிலும் சந்தனம். அழுத்தி வைத்ததை நான் பின்னை விட்டு இன்னும் உள்ளே தள்ளியிருக்கிறேன். பின் இறுக்கமாகப் போனபோது, சுத்தம் செய்த மிஷின் இல்லையா, இறுக்கமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். சர்வீஸ்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். திரையில் சத்தமில்லாமல் வாயசைத்த ஓனரைப் போலவே இருந்தது.

"சிரிக்காதபா. சிரிச்சிக்கினே இருந்தா கூழ் ஆறிடும்," என்று ஓனரம்மா வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். சர்வீஸ்காரர் கரண்டை நிறுத்திவிட்டு, காது குடைகிற மாதிரி நோண்டினார். சந்தனம் துளித் துளியாக வந்தது. பின்னைத் துடைத்து மாட்டினார். இந்தத் தடவை 'டக்' என்று உட்கார்ந்தது. போட்டேன்.

"ஹலோ!" என்றார் ஓனர். சத்தத்தை நாங்கள் முழுசாக ஏற்றி வைத்திருந்ததை மறந்துவிட்டோம். பக்கத்து வீட்டுத் தறி நின்றுபோனது. ஓனரம்மா காதைப் பொத்திக்கொண்டு, "போதும் நிறுத்துய்யா! மிச்சத்த கூரத்துல வந்து பேசு!" என்று கத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கற்பூரப் புகை என்றார். கற்பூரம் காலையிலேயே அணைந்துவிட்டது. கூரத்துக்கு நேரத்துக்குப் போய்விட்டோம்.

இப்போது ஓனரம்மாவும் இல்லை. செட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். பாட்டெல்லாம் போனில்தான். ஓனர் குரலையும் சர்வீஸ்காரர் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார், மற்ற ஊருக்கு அது போதும். கூரத்துக்கு மட்டும் பெட்டியைத்தான் தூக்கிப் போவேன்.

ஓனரம்மா இறந்த வருசம் வந்த ஆடியில் பந்தலில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டு ஓனரைப் போட்டேன். ஹலோ, ஹலோ. ஒன், டூ, த்ரீ. அதட்ட ஆள் இல்லை. எனக்குப் பட்டனை எப்போது அழுத்துவது என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன். ஓனர் கூரம் பொதுமக்களுக்கு வணக்கம் சொன்னார். வெயில் கொஞ்சம் ஜாஸ்தி என்றார். கேழ்வரகு வாசனை தூக்குகிறது என்றார். ஓனர் செத்ததற்கு அப்புறம் நான் உட்பட அந்த ஊரில் யாரும் அதைக் கேட்டதில்லை. பிறகு மைக்கை இறக்கின சத்தம். குரல் தூரமாக, சின்னதாகக் கேட்டது. போனைப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்ற ஓனரம்மாவிடம் பேசுகிறார்.

"இன்னாமே, போதுமா?"

அதோடு முடிந்தது. அப்போது அண்டா பக்கம் சொம்போடு காத்திருந்த பெண்களில் ஒருத்தி, பழக்க தோசம், "போதும் நிறுத்துய்யா!" என்றாள். அதற்குள் இன்னும் பத்துப் பேர் சொல்லிவிட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஓடி முடிந்த படத்துக்கு நான் பட்டனை அழுத்தினேன். தர்மகர்த்தா அண்டாவைத் திறந்தார்.

சாயங்காலம் ஒயர்களைக் கழற்றினேன். பச்சை வட்டத்திலிருந்து பின்னைப் பிடுங்கி ஒரு தடவை முகர்ந்து பார்த்தேன். இரும்பு வாசனைதான். பெட்டியைத் துணியில் சுற்றி வண்டியில் என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.