ஜெப எண்ணெயும் ஊதாக் கோடும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. கோவையில் பம்ப்செட் பட்டறை ஒன்றில் அவர் ஃபிட்டர். கதிர்வீச்சு கொடுக்க வேண்டிய இடத்தைக் காட்ட, கழுத்தில் ஊதா மையால் கோடு போட்டார்கள். அதில் எண்ணெய், சோப்பு படவே கூடாது என்று டாக்டர் சொல்லியனுப்பினார்.

எனக்கு மனம் ஆறவில்லை. மெஷினை மட்டும் நம்பினால் கர்த்தர் என்ன நினைப்பார்? ஜெபக் கூட்டத்தில் வாங்கிய எண்ணெய்க்கு டாக்டர் சட்டமெல்லாம் கிடையாது என்று நானே முடிவுசெய்தேன். மறுநாள் காலை முழங்காலில் நின்று ஜெபித்தபடி அவர் கழுத்தில் நன்றாகத் தேய்த்தேன். அவரும் கண்ணை மூடி ஆமென் சொன்னார். கண் திறந்து பார்த்தால் கோட்டில் பாதியைக் காணோம்.

"ஏனுங்கக்கா, கோடு இல்லாம எந்த எடத்துல கொடுக்கறதுங்க?" என்று ஆஸ்பத்திரியில் டெக்னீஷியன் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கணவர் கரகரத்த குரலில் சிரித்தார்.

"மார்க்கிங் இல்லாம பட்டறையில ஒரு பீஸ்லயாவது கை வெப்பமா, அம்மணி? கர்த்தருக்கும் அப்பிடித்தான். நீ அழிச்சுப்போட்டா அவரு எங்க கை வெப்பாரு?"

டாக்டர் கடிந்துகொண்டே அளந்து புதுக் கோடு போட்டார். அன்றைக்கே சிகிச்சையும் நடந்தது. அதன்பின் அந்தக் கோடு அழியாமலிருக்கத்தான் தினமும் ஜெபித்தேன்.

இப்போதெல்லாம் டாக்டர் சொன்னதை முழுதாகக் கேட்டுக்கொண்ட பிறகே முழங்காலில் நிற்கிறேன். நின்று நின்று மூட்டுவலிதான் மிச்சம். ஜெப எண்ணெய் அதற்கு உதவுகிறது. தேய்த்துவிடுவது என் கணவர்.