சிநேகிதிக்கு முழங்கால் வலி

துணிப் பூனையின் வயிற்றை இரண்டு விரலால் அழுத்திப் பார்க்கிறார். பஞ்சு போதாது. மேஜைக்கு அடியில், மடியிலேயே வைத்து, பென்சிலின் பின்பக்கத்தால் இன்னும் கொஞ்சம் திணிக்கிறார். மேஜைக்கு மேலே தெரிகிற முகம் மட்டும் வந்தவரைப் பார்த்து, "எந்தப் பல்லு? மேலயா, கீழயா?" என்று கேட்கிறது. டாக்டரின் அறைக் கதவு கிறீச்சிட்டால் போதும், பூனை இழுப்பறைக்குள் போய்விடும். ஊசி சட்டைக் காலரின் உள்பக்கம் ஏறிவிடும்.

பல் ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுப்பது அவர் வேலை. அதனால் வருகிறவர்களுக்கெல்லாம் அவர் சீட்டம்மா. பயந்து நடுங்குகிறவர்களுக்குச் சீட்டோடு கொஞ்சம் தைரியமும் இலவசமாகக் கொடுப்பார். "உள்ள போய் வாயத் தொறங்க. பாதி வேலை அங்கயே முடிஞ்சுது." இந்தத் தைரியத்தில் தனக்கென்று ஒரு சொட்டுக்கூட எடுத்து வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் வேடிக்கை.

முதன்முதலில் தைத்த பூனைக்கு ஒரு கன்னம் வீங்கிப் போயிற்று. வேண்டுமென்று செய்ததல்ல. நாள் முழுக்க அப்படிப்பட்ட முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் கை வேறெதைத் தைக்கும்? பிரித்துவிடலாம் என்று மேஜை மேல் வைத்திருந்தார். ஊசிக்குப் பயந்து ஆஸ்பத்திரியே அதிரக் கத்திக்கொண்டிருந்த சிறுமி ஒருத்தி அதைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தி, "இதுக்கும் பல்லு வலியா?" என்று கேட்டாள். பூனையை அணைத்துக்கொண்டு உள்ளே போனவள் திரும்பி வந்ததும் அதைத் தரமாட்டேன் என்றாள். யார் செய்தது, விலைக்குக் கிடைக்குமா என்று அவள் அம்மா கைப்பையைத் திறந்தார். 'நான்தான்' என்று சொல்ல வாயெடுத்த சீட்டம்மாவுக்கு வந்தது வேறு.

"என் சிநேகிதி ஒருத்தி பண்றா."

பழைய வினை ஒன்று உண்டு. கல்யாணமான புதிதில் ஆசையாகத் தைத்த தலையணை உறையைக் கணவரின் அக்கா, அதாவது அவருடைய அண்ணி, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது தூக்கிப் பிடித்து, "என்னம்மா, கடை போடப் போறியா?" என்று கேட்டார். வீடே சிரித்தது. அண்ணி அதை அன்றைக்கே மறந்திருப்பார். சீட்டம்மாவுக்கோ தலை நரைத்த பிறகும் அந்தச் சிரிப்பு காதை விட்டுப் போகவில்லை.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இந்த வாய்க்கு ஆர்டர் கிடைத்தது. வீங்கிய கன்னத்தோடு நாய், முயல், யானை என்று கேட்டு வந்தார்கள். கேட்கக் கேட்கச் சிநேகிதியும் வளர்ந்தாள். சொன்ன நாளில் பொம்மை தயாராகாதபோது அவளுக்கு முழங்கால் வலி வந்தது. யாராவது பேரம் பேசியபோது அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நானா இருந்தா கொறச்சுக் குடுத்துருவேங்க. அவ கோவக்காரி." பேரம் அத்தோடு படுத்துவிடும். இத்தனை வருஷம் ஒரு கீரைக்கட்டில்கூட விலை குறைக்கத் தெரியாத சீட்டம்மா, இல்லாத சிநேகிதியின் தயவில் கறாரான வியாபாரி ஆகிவிட்டார்.

கண்களுக்குப் பக்கத்துத் தையற்கடையில் மிஞ்சும் பொத்தான்கள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை. எல்லாப் பொம்மையும் ஏதோ திருட்டுத்தனம் செய்துவிட்டு முழிப்பது போலவே இருக்கும். ஜோடியாகக் கிடைத்தாலும் வைக்கமாட்டார். "ரெண்டு கண்ணும் ஒண்ணா இருந்தா சாதுவாயிடும். சாதுவ யாரு வாங்குவா?"

கணவருக்கு விஷயம் தெரிந்தது கடைத்தெருவில். பல் கட்டிக்கொண்டவர் ஒருவர் அவரை நிறுத்தி, சிநேகிதிக்கு இப்போது முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். மனிதர் ஒரு கணம் யோசித்தார். பிறகு, முன்னைக்கு இப்போது தேவலை, மாடிப்படிதான் ஏற முடியவில்லை என்றார். வீட்டுக்கு வந்ததும் தைலப் புட்டி ஒன்றைத் தையல் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

வினை மறுபடியும் அண்ணி உருவில்தான் வந்தது. பல் பிடுங்க வந்தவர் பூனை ஒன்றை வாங்கிப் போனார். அன்று முதல் அவர் வாயில் சிநேகிதி புராணம்தான். "அவளப் பாரு, முழங்கால் வலியோட உக்காந்து சொந்தக் கால்ல நிக்கிறா. நீயும்தான் இருக்கியே." சீட்டம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தானே இட்டுக்கட்டிய சிநேகிதி மேலேயே பொறாமைப்பட்டவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கைவினைப் பொருட்களுக்கு ஒரு மண்டபத்தில் சந்தை போடுகிறார்கள் என்று சொன்னவர் தையற்கடைக்காரர். செய்தவரே உட்கார்ந்து விற்க வேண்டும் என்பது நிபந்தனை. போக வேண்டாம் என்றுதான் சீட்டம்மா முதலில் நினைத்தார். ஆனால் இதையும் விட்டால் ஆயுசு முழுக்க மேஜைக்கு அடியில்தான் தைக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. சிநேகிதி வருவாள் என்று சொல்லி இடம் பிடித்துவிட்டார்.

மண்டபத்தில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. ஒன்றில் சீட்டம்மா. மற்றதில் ஒரு கைப்பை, ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு, பாதி குடித்த தண்ணீர் பாட்டில். அதுதான் சிநேகிதி. கேட்டவர்களிடமெல்லாம் இப்போதுதான் டீ குடிக்கப் போனாள் என்றார். மத்தியானத்துக்குள் சிநேகிதி குடித்த டீக்கு அவளுக்கு ஒரு வாரம் தூக்கம் வராது.

மாலையில் அண்ணி வந்தார். பேரப்பிள்ளைகளுக்கென்று பொம்மைகளை இரண்டு கையாலும் அள்ளினார். "மொத்தமா எடுக்கறேன், கொறச்சுத் தரச் சொல்லு. எங்க அவ?"

டீ என்று ஆரம்பித்தார் சீட்டம்மா.

"வரட்டும். நேர்ல பாத்து ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தான் போவேன்." உட்காருவதற்காக அண்ணி கைப்பையைத் தூக்கக் கை நீட்டினார்.

பல் பிடுங்கும் நாற்காலிக்குப் போகிறவர்களின் முகத்தைச் சீட்டம்மா தினமும் பார்க்கிறவர். அந்த நிமிஷத்தில் தன் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"அதுல வேணாம், அண்ணி."

எழுந்தார். கைப்பையை எடுத்துக் கீழே வைத்தார். கூட்டைத் திறந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சிநேகிதியின் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, தன் நாற்காலியை அண்ணி பக்கம் தள்ளினார்.

"வெல கொறையாது. நான் கோவக்காரி."

அண்ணியின் வாய் திறந்தபடி நின்றது. பிடுங்கிய பல்லின் இடம்வரை தெரிந்தது. சீட்டம்மா காலருக்குள்ளிருந்து ஊசியை எடுத்தார். கைப்பைக்குள் கன்னம் முடியாமல் கிடந்த பூனையைத் தூக்கி, மேஜை மேல் வைத்து, எல்லோரும் பார்க்கத் தைக்க ஆரம்பித்தார்.