கையெழுத்து வைத்தவனைப் பற்றி ஒரு கட்டுரை

அந்தப் படத்தின் பெயரை நான் இன்றைக்கும் வாயால் சொல்வதில்லை. தொலைக்காட்சியில் அது வந்தால் எழும்பிப் போய் நிறுத்திவிடுவேன். என் பிள்ளைகள் சிரிப்பார்கள். "நல்ல படம் அம்மா, எல்லாரும் எவ்வளவு புகழுகினம்" என்பார்கள். புகழட்டும். ஒரு படத்தைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம் என்று அவர்கள் நம்புகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை பதினொரு வயதிலேயே போய்விட்டது.

அப்போது நாங்கள் பாலையூற்றில் இருந்தோம். அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில், கப்பலுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றுகிற ஒரு கொம்பனியில் கிரேன் ஓட்டினார். நிரந்தர வேலை. காக்கிக் காற்சட்டையும் சைக்கிளுமாகக் காலையில் போனால் மாலையில் வருவார். அதிகம் கதைக்காத மனிதர். அவர் வாயைத் திறந்து ஒரு கருத்துச் சொன்னால் வீட்டில் அது ஒரு செய்தி. அதனால்தான் அந்தப் படத்தைப் பற்றி அவர் சொன்னது எனக்கு அப்படியே மனப்பாடமாகிவிட்டது.

படம் இந்தியாவிலிருந்து வந்தது. மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தைப் பற்றிய கதை. தலைவன் மேடைக்கு மேடை பேசுகிறான். மூன்றாம் மாதம், சனங்கள் பட்டினியில் விழத் தொடங்கிய பிறகு, அவனுடைய நண்பன் ஒருவன் ரகசியமாக முதலாளியிடம் போய், வேலைக்குத் திரும்பச் சம்மதம் என்று கையெழுத்து வைக்கிறான். துரோகி என்று சொல்லி எல்லாரும் அவனைக் கல்லால் அடிக்கிறார்கள். தலைவன் கடைசியில் தேர்தலில் வென்று மாலையும் கழுத்துமாகச் சட்டசபைக்குள் போகிறான். இவ்வளவுதான் கதை. ஆனால் நகரத்தில் அது ஓடிய நாட்களில் வேறு கதையே இல்லை. கையெழுத்து வைத்தவன் மேல் கல் விழும் இடத்தில் முன்வரிசைக் கலரியில் இருந்தவர்கள் செருப்பைக் கழற்றித் திரைக்கு எறிந்தார்கள். சலூனில், மீன் சந்தையில், பஸ்ஸில், எங்கே போனாலும் அந்த நண்பனைத்தான் திட்டினார்கள். சொந்தச் சித்தப்பன் சொத்தை ஏமாற்றிவிட்டதுபோலத் திட்டினார்கள்.

அப்பாவின் கூட்டாளி ஒருவர் மூதூரிலிருந்து தினமும் குடாவைக் கடந்து லாஞ்சில் வேலைக்கு வருவார். நாங்கள் அவரை மூதூர் மாமா என்போம்; அவர் முஸ்லிம் என்பதால் அப்பா அண்ணன் முறையில் 'காக்கா' என்பார். படத்தை நாலு தரம் பார்த்தவர். நாலு தரமும் ஒரே இடத்தில் அழுததாக எந்த வெட்கமும் இல்லாமல் சொன்னார். துறைமுகத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் இன்னும் ஒருபடி மேலே போய்த் தலைவனின் பேச்சு முழுவதையும் பாடமாக்கிவிட்டார். அம்மாவுக்குப் பட்டது ஒன்றே ஒன்றுதான். "மில் கூலிக்காரன்ர பெண்சாதி, படம் முடியுமட்டும் ஏழு சீலை மாத்திப்போட்டாள். பட்டினியாம்!"

அப்பா என்ன நினைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். மத்தியானச் சாப்பாட்டில், பாரை மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"அந்தப் படத்திலை மனுசன் எண்டால் கையெழுத்து வைச்சவன்தான். மற்றவர் கதைச்சார், மந்திரியானார். இவன்தான் சனத்துக்கு அரிசி வாங்கிக் குடுத்தவன். கல்லெறிஞ்சவை அடுத்த நாள் அந்த அரிசியைத்தானே சமைச்சிருப்பினம்? அதைப் படத்திலை காட்டேல்லை."

அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. திகைத்துப்போனேன். ஊர் முழுக்க ஒரு பக்கம் நிற்க, என் அப்பா மட்டும் மறுபக்கத்தில் தனியாக நின்று பார்த்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய பெருமையாக இருந்தது.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே துறைமுகத்தில் நிசமாகவே வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது. நாட்கூலிக்காரரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது கோரிக்கை. அப்பாவுக்கு அதில் கிடைக்க ஒன்றுமில்லை. என்றாலும் முதல் நாளே கிரேனை நிறுத்திவிட்டு இறங்கினார். ஒருநாள்கூடத் தவறாமல் மற்றவர்களோடு துறைமுக வாசலில் போய் இருந்தார். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பிறகு ஒருவருமே இதைச் சொல்லவில்லை.

அந்தக் கிழமை பள்ளிக்கூடத்தில் தமிழ் ரீச்சர், 'நான் பார்த்த படம் பற்றி என் கருத்து' என்று கட்டுரை எழுதச் சொன்னா. முழு வகுப்பும் ஒரே படத்தைத்தான் எழுதியது. முழு வகுப்பும் துரோகியைத் தூற்றி, தலைவனைப் போற்றி, ஒரே மாதிரி முடித்தது. நான் அப்பா சொன்னதை எழுதினேன். சொல் மாறாமல், அரிசி உட்பட.

ரீச்சர் என் கொப்பியை வாசித்தா. பிறகு இன்னொருமுறை வாசித்தா.

"இது ஆர் உமக்குச் சொல்லித்தந்தது?"

"என்ர அப்பா" என்றேன். எவ்வளவு நிமிர்ந்து நின்று சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் கன்னத்தில் அறையவேண்டும்போல இருக்கும்.

ரீச்சர் புள்ளி போடவில்லை. அந்தத் தாளைக் கொப்பியிலிருந்து கிழித்து எடுத்துத் தன் பைக்குள் வைத்தா. ரீச்சரின் கணவர் சங்கத்தின் செயலாளர். அது எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன், இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி எனக்கு இருக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு காரியம் பிழையாகிப்போனது. கொம்பனி வெளியூர் ஆட்களைக் கடல்வழியாக இறக்கி வேலையைத் தொடங்கப்போகிறது என்று சங்கத்துக்குத் தகவல் வந்திருந்தது. மூதூர்ப் பக்கத்து வள்ளங்களைக் கொண்டுவந்து இறங்குதுறையை மறிப்பதென்று ஒருசிலர் இரகசியமாக முடிவெடுத்தார்கள். வள்ளங்களுக்கு ஒழுங்கு செய்தவர் மூதூர் மாமா. அவர் அதை அப்பாவிடம் சொல்லியிருந்தார். ஆனால் வள்ளங்கள் வந்து சேருவதற்குள் கொம்பனி ஆட்களை இறக்கி முடித்துவிட்டது. யாரோ உள்ளே இருந்தவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

யார் என்று தேடத் தொடங்கினார்கள். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவர்களிடம்தான் என் கட்டுரை இருந்ததே!

சனிக்கிழமை பின்னேரம் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். செயலாளர், சங்கத்துக்காரர் இருவர், மூதூர் மாமா. அப்பா கதிரைகளை எடுத்துப் போட்டார். அம்மா குசினியிலிருந்து பிளேன்ரீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் அறைவாசல் சீலைக்குப் பின்னால் நின்றேன்.

"பிழையா நினைக்காதேயுங்கோ. ஒரு விசயம் கேக்க வந்தனாங்கள்" என்று செயலாளர் தொடங்கினார். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து விரித்து வாசித்தார். என் வசனங்கள் அவருடைய மேடைக் குரலில் வந்தன.

"இது உங்கட மகள் எழுதினது. இப்பிடியான கதைதான் உங்கட வீட்டிலை நடக்குதோ?"

"அது ஒரு படத்தைப் பற்றின கதை" என்றார் அப்பா.

"படத்தைப் பற்றித்தான். கையெழுத்து வைச்சவன் மனுசன் எண்டு நினைக்கிற ஆள், இஞ்சை என்ன செய்வார் எண்டு எங்களுக்குத் தெரியவேணும்."

"நான் ஒரு நாளாவது வேலைக்குப் போனனானோ?"

"போகாமலும் செய்யலாம்தானே."

அப்பாவின் முகம் கறுத்தது. ஆனால் அவர் சத்தம்போடவில்லை. எழும்பி அந்த ஆளின் கழுத்தைப் பிடிக்கவேண்டும் என்று நான் சீலையைக் கசக்கிக்கொண்டு நின்றேன். அப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

மூதூர் மாமாவால் தாங்க ஏலவில்லை. "தம்பி, பிள்ளை விளங்காம என்னவோ எழுதிட்டுது. அவ்வளவுதானே? ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க. நாங்க எழும்பிப் போறம்."

எவ்வளவு இலகுவான வழி! ஒரே ஒரு 'ஓம்'. அப்பா சொல்லவில்லை. நான் காத்திருந்தேன். அவர் சொல்லவே இல்லை. சீலையைத் தள்ளிக்கொண்டு நடுவீட்டுக்கு வந்தேன்.

"அப்பா ஒண்டும் சொல்லேல்லை. நான்தான் என்ர பாட்டிலை எழுதினனான்."

செயலாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்பா சொன்னவர் எண்டெல்லோ ரீச்சரிட்டைச் சொன்னனீர்?"

"அது பொய். பொய் சொன்னனான்."

மூதூர் மாமா பெருமூச்சு விட்டுத் தலையில் இருந்த தொப்பியைச் சரிசெய்தார். செயலாளர் தாளை மெதுவாக மடித்தார்.

"அப்ப சரி. பிள்ளை திங்கக்கிழமை பள்ளிக்கூடத்திலை எல்லாருக்கும் முன்னாலை ஏறி நிண்டு அதைச் சொல்லட்டும். தகப்பன்ர பேரைச் சொல்லிப் பொய் எழுதினனான் எண்டு. சங்கத்துக்குள்ளை வந்த குழப்பம் முழுக்க இந்தப் பிள்ளையின்ர பொய்யாலைதான் எண்டு நாங்களும் வாசலிலை வைச்சு அறிவிச்சு விடுறம். வேலை முடிஞ்சுது."

நான் தலையாட்டினேன். என்ன கேட்கிறார் என்று எனக்குச் சரியாக விளங்கவில்லை. அப்பா தப்பிவிட்டார் என்பது மட்டும் விளங்கியது.

அப்போதுதான் அப்பா நிமிர்ந்தார்.

"தேவையில்லை. அவ இப்ப சொல்லுறதுதான் பொய். நான் சொன்னனான். சாப்பிடேக்கை சொன்னனான். அவ எழுதினதிலை ஒரு சொல்லும் பிழையில்லை."

"தம்பி..." என்றார் மூதூர் மாமா.

"அந்தப் படத்தைப் பற்றி இப்பவும் அதைத்தான் சொல்லுவன், காக்கா. இறங்குதுறைக் கதையை நான் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை. நம்பினால் நம்புங்கோ. என்ர பிள்ளையை இதுக்குள்ளை இழுக்காதேயுங்கோ."

"இனி எங்களுக்குக் கேக்க ஒண்டுமில்லை" என்று செயலாளர் எழும்பினார். மற்றவர்களும் எழும்பினார்கள். மூதூர் மாமா மட்டும் வாசலில் ஒருதரம் நின்றார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தைப்போல் ஒரு கோபம் பிறகு என் வாழ்க்கையில் வந்ததில்லை. நான் வெளியாட்களுக்கு முன்னால் பொய்க்காரியாகி அப்பாவைத் தூக்கிக் கரையில் விட்டேன். அவர் என்னைப் பொய் சொல்லுகிறாள் என்று சொல்லிவிட்டுத் திரும்பத் தண்ணீரில் குதித்தார். எதற்காக? ஒரு படத்துக்காக. எங்கோ இந்தியாவில் யாரோ மையைப் பூசிக்கொண்டு நடித்த ஒருவனுக்காக. என்னைவிட, அம்மாவைவிட அவருக்கு அந்தக் கையெழுத்து வைத்தவன் பெரிதாகிவிட்டான்.

அம்மாவும் அதையேதான் கேட்டாள். "வாயைத் திறக்கவேண்டிய நேரம் திறக்கமாட்டீங்கள். மூடவேண்டிய நேரத்திலை திறப்பீங்கள். இனி என்ன செய்யிறதாம்?" அப்பா நாலு கோப்பைகளையும் எடுத்துக்கொண்டுபோய்க் கிணற்றடியில் கழுவினார். ஒரு கோப்பையிலும் யாரும் வாய்வைத்திருக்கவில்லை.

இரவு சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிட்டார். போகவில்லை. அறைவாசலுக்கு வந்து, "கட்டுரைக்கு ரீச்சர் எத்தினை புள்ளி போட்டவ?" என்று கேட்டார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை துறைமுக வாசலில் ஒலிபெருக்கி வைத்து அப்பாவின் பெயரைச் சங்கத்திலிருந்து வெட்டியதாக அறிவித்தார்கள். வேலைநிறுத்தம் இன்னும் சில கிழமைகளில் எதுவும் கிடைக்காமல் முடிந்தது. எல்லாரும் வேலைக்குத் திரும்பினார்கள். அப்பாவும் திரும்பினார். கிரேனுக்கு மேலே ஏறினால் பின்னேரம்வரை இறங்கமாட்டார் என்று கேள்விப்பட்டேன். கீழே அவரோடு கதைக்க ஆள் இருக்கவில்லை. ஐந்தாறு வருடம் அப்படிப் போனது. மூதூர் மாமா எங்கள் வீட்டு ஒழுங்கைப் பக்கமே பிறகு வரவில்லை. அன்று வீட்டுக்கு வந்த நாலு பேரில் ஒருவருக்கு அடுத்த வருடமே கொம்பனி மேற்பார்வையாளர் வேலை கொடுத்தது. அவர்தான் சொல்லிக்கொடுத்தார் என்று நான் சொல்லவரவில்லை. எனக்குத் தெரியாது. ஆனால் அவரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் படத்தைப் பற்றிச் சரியான கருத்து வைத்திருந்தார். கல்லெறியும் இடத்தில் செருப்பைக் கழற்றி எறிந்தவர்களில் அவரும் ஒருவர். அது போதுமாக இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை நான் சண்டைக்கு ஆயத்தமாகத்தான் பள்ளிக்கூடம் போனேன். பின்னலை இழுத்துக் கட்டி, வட்டம் கீறுகிற கவராயத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தேன். யாராவது ஒரு சொல் சொன்னால் குத்திவிடுவது என்று முடிவு. ஒருவரும் சொல்லவில்லை. ரீச்சர் என் பெயரைக் கூப்பிட்டு இடாப்பில் அடையாளம் போட்டா. எல்லாருக்கும் முன்னால் ஏறி நிற்கச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவள் அழிறப்பர் கேட்டாள். இடைவேளையில் கிளித்தட்டு மறிக்க என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். வேலைநிறுத்தக்காரரின் பிள்ளைகள் வகுப்பில் பதினைந்து பேராவது இருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட என்னைத் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் படித்து முடித்த கடைசி நாள் வரைக்கும் இல்லை.

எல்லாரும் என் கோபத்துக்குப் பயந்துவிட்டார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.