பளபளாவின் முகமூடிகள்

பீரோ செய்யும் அந்தக் கம்பெனியில் ஸ்டோர்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் ‘பளபளா’. கையில் எது கிடைத்தாலும் தேய்த்துப் பளபளப்பாக்காமல் விடமாட்டார். ஒருமுறை மேனேஜர் அறைக் கதவிலிருந்த பித்தளைப் பலகையைத் தேய்த்த தேய்ப்பில், மேனேஜர் பெயரே பாதி அழிந்துபோனது. மேனேஜர் திட்டவில்லை. இந்த ஆளை எங்கேயாவது கட்டிப்போட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, பெயின்ட் அறையில் ஸ்பிரே அடிப்பவர்கள் மாட்டும் முகமூடிகளைச் சரிபார்த்து, கழுவி, பத்திரப்படுத்தும் பொறுப்பைத் தூக்கி அவர் தலையில் கட்டினார்.

அவ்வளவுதான், மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, உழைப்பில் குறை கிடையாது. வேலை முடிந்ததும் முகமூடிகளை வாங்கி, கன்னத்துக்கு ஒன்றாக இருக்கும் வடிகட்டி டப்பிகளைத் திருகி எடுத்து வைப்பார். ரப்பர் முகத்தை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவுவார், நிழலில் உலர்த்துவார், ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போட்டு, நசுங்காமல் அலமாரியில் அடுக்குவார். பெற்ற பிள்ளையைக்கூட இப்படிக் குளிப்பாட்டியிருக்கமாட்டார்.

ஒன்றே ஒன்றுதான் அவர் மானத்தை வாங்கியது. முகமூடியில் தாடைக்குக் கீழே ஒரு சின்ன மூடி. அதற்குள் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய ரப்பர் வில்லை. எச்சிலும் பெயின்ட் தூசியும் சேர்ந்து அதில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். என்ன தேய்த்தும் பளபளக்காது. அது எதற்கு இருக்கிறது என்று யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் பொறுப்பாளர் கௌரவம் என்னாவது? எல்லா வில்லைகளையும் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி அவற்றைக் கழுவி, ஒழுகிக்கொண்டிருந்த எண்ணெய் பாட்டில்களின் மூடிகளுக்குள் வைத்தாள். ஒழுகல் நின்றது. ஒரே கல்யாணத்தில் இரண்டு வீட்டுக்கும் மாப்பிள்ளையானவர் போல அவருக்குப் பெருமை.

கம்பெனியிலும் பாராட்டுதான். “முன்னெல்லாம் மூச்சு விடவே முக்கணும். உங்க கை பட்டதுலேருந்து சும்மா ஜிலுஜிலுன்னு காத்து வருது!” என்றார்கள் ஸ்பிரேக்காரர்கள். வராமல் என்ன செய்யும்?

அந்த ஸ்பிரேக்காரர்களில் ஒருவன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. அக்கா வீட்டிலேயே தங்கியிருந்தான். பீரோவின் உட்புறத்துக்குப் பெயின்ட் அடிப்பது அவன் வேலை. தலையையும் தோளையும் பீரோவுக்குள் விட்டுக்கொண்டு பாதி நாள் கிடப்பான். மற்றவர்களுக்கு வெறும் தலைவலி. இவனுக்குக் கொஞ்ச நாளாக நடை தள்ளாடியது, நாக்கு குழறியது. பக்கத்தில் போனால் குப்பென்று ஒரு வாடை.

பளபளாவுக்கு ஆய்வு செய்ய இன்னொரு சாமான் கிடைத்துவிட்டது. தினமும் சாயங்காலம் வாசலிலேயே நிறுத்துவார்.

“ஊது.”

“மாமா, சத்தியமா நான் குடிக்கல. பெயின்ட் வாடை மாமா.”

“என்கிட்டயேவா? நான் கழுவிக் கொடுக்குற மாஸ்க்குக்குள்ள ஒரு கொசு போகாது, வாடை போயிடுமா? ஊதுடா!”

அவன் ஊதுவான். இவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு மனைவியைப் பார்ப்பார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவாள். ஒருநாள் கம்பெனியில் மச்சான் தடுமாறி ஏணியோடு சாய்ந்தான். சூப்பர்வைசர், “திங்கட்கிழமை வந்து கணக்கு முடிச்சுக்கோ” என்று சொல்லிவிட்டார். சிபாரிசு பண்ணி வேலை வாங்கிக் கொடுத்த மாமா ஒரு வார்த்தை பேசியிருந்தால் வேலை தப்பியிருக்கும். “குடிகாரனுக்கு நான் பேசமாட்டேன்” என்று மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அன்றைக்கே அக்கா அவன் துணிப்பையை எடுத்து வெளியே வைத்தாள். “என் மூஞ்சியில முழிக்காத” என்றாள். அவன் நண்பன் அறைக்குப் போனான்.

சனிக்கிழமை அவசர ஆர்டர். உட்புறம் அடிக்க ஆள் இல்லை. பளபளா சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கிறதே!

“என் மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு விஷப்புகைக்குள்ளயே படுத்துத் தூங்கலாம் சார்.”

“அப்ப நீங்களே உள்ள போங்க” என்றார் சூப்பர்வைசர்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்வாங்க முடியுமா? இருப்பதிலேயே அதிகம் மின்னிய முகமூடியை மாட்டிக்கொண்டு பீரோவுக்குள் தலையை விட்டார். முதல் பீரோவில் ஜிலுஜிலுவென்றுதான் இருந்தது. இரண்டாவதில் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. மூன்றாவதை முடித்து வெளியே வந்தபோது தரை அவரைக் கேட்காமல் ஒருபக்கமாகச் சாய்ந்தது.

கழுவுவதற்காக அந்த முகமூடியைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வீடு வந்து சேர்ந்தார். மனைவி வாசலில் நின்றாள்.

“ஊதுங்க.”

“அ... அடியே, சத்தியமா நான் குடிக்கல. பெயின்ட் வாடை...”

சொல்லி முடிக்கும்போதே அந்த வார்த்தைகளை எங்கே கேட்டோம் என்று அவருக்கு உறைத்தது. அவளுக்கும் உறைத்தது. இந்த மனிதர் சொட்டுகூடத் தொடாதவர் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவர் கையிலிருந்த பையைப் பிடுங்கி, முகமூடியை எடுத்துத் தன் முகத்தில் அழுத்திக்கொண்டாள். இரண்டு வடிகட்டிகளையும் உள்ளங்கைகளால் இறுக்கி மூடி மூச்சை இழுத்தாள். நின்றுபோக வேண்டிய மூச்சு தாராளமாக வந்தது.

“என்னங்க, ரெண்டு பக்கமும் மூடிட்டேன். அப்பவும் காத்து வருதே, எது வழியா?”

அவர் தாடைக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தார். ஓட்டை. விரல் நுழையும் ஓட்டை.

“அங்க ஒரு ரப்பர் இருந்துச்சு. அழுக்கு சேருதுன்னு எடுத்துட்டேன்.”

“எந்த ரப்பர்?”

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். அவள் உள்ளே போய் எண்ணெய் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒரு வில்லையை எடுத்துத் துடைத்து முகமூடியில் மாட்டி மறுபடி இழுத்தாள். ரப்பர் முகம் அவள் முகத்தோடு கப்பென்று ஒட்டிக்கொண்டது. வெளியே விடும் மூச்சுக்கு மட்டும் வழிவிட்டு, உள்ளே இழுக்கும்போது அடைத்துக்கொள்ளும் கதவு அந்த வில்லை. முகமூடியைக் கழற்றிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். “என் தம்பியை நானே துரத்திட்டேனே” என்றாள். பளபளா மிச்ச வில்லைகளையும் பாட்டில் மூடிகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தார்.

திங்கட்கிழமை, மேனேஜரைத் தனியாகப் பார்த்துப் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்பது அவர் திட்டம். மனைவி விடுவாளா? “எல்லார் முன்னாடியும் குடிகாரன்னீங்க. எல்லார் முன்னாடியும் சொல்லுங்க” என்று கூடவே வந்தாள்.

கணக்கு முடிக்க வந்த மச்சான் பெயின்ட் அறை வாசலில் நின்றிருந்தான். சூப்பர்வைசரும் ஸ்பிரேக்காரர்களும் சுற்றி நின்றார்கள். பளபளா எண்ணெய் மினுமினுத்த வில்லைகளை உள்ளங்கையில் வைத்து நீட்டி, தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், “அவன் குடிக்கல சார். நான்தான் சார் அவனுக்கு ஊத்திக் கொடுத்திருக்கேன்” என்றார். வேலை போனால் தன் வேலை போகட்டும் என்றும் சொன்னார்.

சூப்பர்வைசர் கணக்குச் சீட்டைக் கிழித்துப் போட்டார். அக்கா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள், அவன் விடுவித்துக்கொள்ளவில்லை. மாமா பக்கம் மட்டும் திரும்பி, மரியாதை குறையாமல் கேட்டான்:

“மாமா, கொஞ்சம் ஊதுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. பளபளா ஊதினார். இரண்டு நாளாகியும் நெஞ்சிலிருந்து போகாத, பெயின்ட்டில் கலக்கும் தின்னர் வாடை குப்பென்று வந்தது.

“இதைத்தானே மாமா தினமும் வாசல்ல நின்னு நானும் ஊதினேன்?” என்றான் மச்சான்.