அவன் அம்மாவைக் கூப்பிடவில்லை

ஒரு பொய்யை அச்சிலேற்றினேன். அதை நம்பிய தாயிடம், நேருக்கு நேர் நின்று, அது உண்மை என்றும் சொன்னேன். நான் செய்தியாளரானது அப்படித்தான்... நீங்களாவது அறிந்துகொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பேருந்தில் திருவண்ணாமலைக் கல்லூரிக்கு வந்துபோன மாணவி நான். கிரிவலப் பாதையை ஒட்டியிருந்த இலங்கை அகதிகள் முகாமில்தான் சுகந்தியைச் சந்தித்தேன். பதினாறு வயது. படிப்பு நின்றுபோயிருந்தது. என் புத்தகங்களை வாங்கிப் படிப்பாள்.

ஒரு பௌர்ணமி மாலை, கிரிவலம் வருவோருக்கு எலுமிச்சைச் சாறு விற்றுக்கொண்டே சொன்னாள். மன்னாரிலிருந்து அவளும் அண்ணனும் வந்த படகு கவிழ்ந்துவிட்டதாம். அண்ணன் அவள் கண்ணெதிரே மூழ்கினானாம்.

"ஒரு சத்தமும் போடேல்லை அக்கா. என்னைப் பார்த்துக்கொண்டே போயிட்டான்."

முன்பே வந்துசேர்ந்திருந்த தாயிடம், அண்ணன் ஊரில் நின்றுவிட்டான் என்று சொல்லியிருந்தாள். மூன்று ஆண்டுகளாக!

"அம்மா தாங்கமாட்டா. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

தலையசைத்தேன். அந்த வாரமே எழுதினேன்! பெயரை மாற்றினால் போதும் என்று எப்படி நம்பினேன்?

வார இதழொன்றின் உள்ளூர்ச் செய்தியாளர் படித்துப் பார்த்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கேம்மா. ஆனா படிச்சா அழுகை வரணும். அது கம்மியா இருக்குது."

அங்கேயே உட்கார்ந்து ஒரு வரி சேர்த்தேன். மூழ்கும்போது அவன் 'அம்மா... அம்மா...' என்று கூவினான் என்று.

இதழ் வந்தது. முகாமில் யாரோ உரக்கப் படித்திருக்கிறார்கள். மன்னார், படகு, அண்ணன், தங்கை... தாய்க்குப் பெயரா வேண்டும்?

ஓடினேன். சுவரில் சாய்ந்திருந்த அந்தத் தாய் என் கையைப் பற்றினார்.

"பிள்ளை... அவன் என்னைக் கூப்பிட்டவனே?"

கதவோரம் சுகந்தி நின்றிருந்தாள். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்! என் எழுத்து பொய்யாகிவிடுமே என்ற அச்சம்...

"ஆமாம்மா" என்றேன்.

"கூப்பிட்டவனுக்கு நான் போகேல்லையே!" மார்பில் அறைந்துகொண்டார்.

சுகந்தி நான் சொன்னதை மறுக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவுமில்லை.

அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் சென்னையில் வேலை பெற்றேன். அகதிப் பிள்ளைகளின் துயரை எழுதுபவள் என்று பெயரும் வந்தது. மீண்டும் முகாமுக்குப் போக எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. தாய் இறந்திருந்தார். சுகந்தி வேறு முகாமுக்குப் போயிருந்தாள்.

பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள்: "சாகிற நாள்வரைக்கும் 'வாறன் ராசா... வாறன்' எண்டு பதில் சொல்லிக்கொண்டே கிடந்தவ."

சுகந்தி இருக்கும் முகாம் எனக்குத் தெரியும். எத்தனையோ பிள்ளைகளைப் பற்றி எழுதிவிட்டேன். அவளுக்கு ஒரு வரி... இன்னும் எழுதவில்லை.