பஸ் கூப்பிட்ட சாயங்காலம்

1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் நான் பிளஸ் ஒன் படித்தேன். ஒருநாள் கடைசி பீரியட் இங்கிலீஷ். உயிரில்லாத பொருளை ஆளைப்போலப் பாவித்துச் சொல்வதுதான் பர்சானிஃபிகேஷன் என்று விளக்கிய சார், நாற்காலியை வாசற்படியில் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஆளுக்கொரு சொந்த உதாரணம் சொன்னால்தான் வெளியே போகலாம். கைடில் இருப்பது செல்லாது. கைடை விட்டால் எங்களுக்கு வேறு இங்கிலீஷ் ஏது?

மணி அடித்து வெகுநேரமாயிற்று. மற்றவர்கள் எதையோ சொல்லித் தப்பித்துவிட்டார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சரோஜாவும் மட்டும் மாட்டிக்கொண்டோம். வெளியே வாலாஜாபாத் பஸ் ஹாரன் அடித்தது. அதை விட்டால் ஊர்வரை நடைதான்.

"பஸ்ஸு நம்மளக் கூப்புடுதுடி," என்று சரோஜா அழாத குறையாக முணுமுணுத்தாள்.

சட்டென்று எழுந்தேன். "தி பஸ் இஸ் காலிங் அஸ், சார்."

"குட். நீ போ." நாற்காலி நகர்ந்தது. எனக்குத்தான் கால் நகரவில்லை.

"சார், அது சரோஜா சொன்னது."

"அவ தமிழ்லதானே சொன்னா? இங்கிலீஷ்ல வேற சொல்லட்டும்."

நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். சார் சலித்துப்போய் எங்களை விட்டபோது ரோட்டில் பஸ் இல்லை.

"கூப்ட்டுக் கூப்ட்டுப் பாத்துட்டு, கோவிச்சிக்கினு பூடுச்சு பாரு," என்றாள் சரோஜா.

நடந்துகொண்டே அவளைத் திரும்பிப் பார்த்தேன். வாய் திறந்தால் உதாரணமாகக் கொட்டுகிறவளைத்தான், உதாரணம் சொல்லத் தெரியாதவள் என்று அத்தனை நேரம் அடைத்துவைத்திருந்தார்கள்.