பிடுங்கிய பல்

பல்லைப் பிடுங்கியும் வலி போகவில்லை என்று பல் டாக்டரைத் திட்டிக்கொண்டே ராஜு அண்ணன் அன்று காலை மாடி ஏறி வந்தார்.

"தப்பான பல்ல புடுங்கிட்டான் சாந்தி! அந்திக்குப் போயி பக்கத்துப் பல்லையும் புடுங்கச் சொல்லப் போறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது.

கொடகவெல டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேலே இருந்த அந்த ஜிம் அவருடையது. ஆள் பலாமரம் மாதிரி இருப்பார். மாத்திரையே போட்டதில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார். நான் றக்வானப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். இன்ஸ்ட்ரக்டர் சர்டிபிகேட்டுக்கு பிராக்டிகல் பாஸ். தியரியில் ஒரு தடவை கோட்டை விட்டிருந்தேன். ஸ்குவாட் செய்து காட்டச் சொன்னால் காட்டுவேன். அதில் எந்தெந்தத் தசை வேலை செய்கிறது என்று கேட்டால் முழிப்பேன். அடுத்த வாரம் மறுபடியும் பரீட்சை. ஜிம்மில் ஆளில்லாத நேரத்தில் அண்ணன் புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பார், நான் ஒப்பிப்பேன்.

அன்றைக்கு அவசர நிலைப் பாடம்.

"எக்சர்சைஸ் செய்யிற ஆளுக்கு ஹார்ட்டுல பிரச்சினைன்னா எப்புடித் தெரியும்?"

"நெஞ்சு இறுக்கும், மூச்சு வாங்கும், வேர்த்துக் கொட்டும்."

"வலி வேற எங்க வரும்?"

"இடது கை, தோளு, முதுகு, தாடை." கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். "சில பேருக்கு நெஞ்சு வலிக்கவே வலிக்காது. தாடையில மட்டும் வரும். ஏறி நடந்தா வரும், உக்காந்தா போயிரும்."

அடுத்த கேள்வி வரவில்லை. கண்ணைத் திறந்தேன். அண்ணன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாந்தி, எனக்கு இந்தப் பல்லு மாடி ஏறுறப்ப மட்டுந்தான் வலிக்கும்."

பரீட்சைக்கு என்று நினைத்து மனப்பாடம் செய்ததெல்லாம் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இப்பவும் வலிக்குதாண்ணே?"

"இன்னைக்கு உக்காந்தும் விடல." ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நெற்றியெல்லாம் வேர்வை.

நடந்தே இறங்குகிறேன் என்றவரை அதட்டி உட்கார வைத்தேன். கடைப் பையன்கள் அவரை நாற்காலியோடு கீழே தூக்கி வந்தார்கள். வாசலில் நின்ற த்ரீவீலரில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம்.

அங்கேதான் எனக்கு அடுத்த அதிர்ச்சி. கவுன்டரில் இருந்த நர்ஸ் என்ன வருத்தம் என்று கேட்டதும், நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சிங்களத்தில் பல் வலி என்று சொல்லிவிட்டார். நர்ஸும் பல் கிளினிக் வரிசையைக் கை காட்டினார். அண்ணன் என் காதில், "ஜிம்காரனுக்கு நெஞ்சு வலின்னா ஊரு சிரிக்கும் புள்ள" என்றார். இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா? எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"தத் அமாருவக் நெமெய் மிஸ், பபுவே அமாருவக்!" பல் வலி இல்லை, நெஞ்சு வலி என்று.

ஈசிஜி எடுத்தார்கள். அந்தத் தாளைப் பார்த்ததும் டாக்டர் ஆட்களைக் கூப்பிட்டார். அண்ணனைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து ஓடினார்கள். ஓடுகிறார்கள் என்பதைப் பார்த்த பிறகுதான் எனக்கு முழுசாக உறைத்தது. அந்திக்கு இன்னொரு பல்லைப் பிடுங்கப் போயிருந்தால் உயிரோடு திரும்பியிருக்க மாட்டார் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

பரீட்சையில் பாஸ் செய்தேன். அந்தக் கேள்வி வரவே இல்லை. தொடைத் தசைகளின் பெயரைத்தான் கேட்டிருந்தார்கள்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கச்சிகளுக்கு ஒன்று சொல்வேன். சேர வருகிறவரிடம் உடல்நலக் கேள்வித்தாளை நீட்டி, "எல்லாத்துக்கும் இல்லைன்னு டிக் போடுங்க" என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வாய் விட்டுக் கேளுங்கள். உடம்பின் கட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

எங்கள் ஜிம்மில் இப்போது அந்தக் கேள்விகளை அண்ணனே கேட்கிறார். "மாடி ஏறுறப்ப எங்கயாச்சும் வலிச்சுச்சா?" இல்லை என்று தலையாட்டுகிறவர்களிடம் வாயை அகலத் திறந்து அந்தப் பல் இருந்த ஓட்டையைக் காட்டுவார்.

"நல்ல பல்லு. சும்மா புடுங்கிட்டேன். யோசிச்சுச் சொல்லு."